ஐப்பசிக் கப்பல் பயணம்: பெட்டி கட்டுவது முதல் ஊர் சுற்றுவது வரை நெல்லைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். "செப்டம்பரில் வந்துவிடுங்கள், கப்பலில் கூட்டிப் போகிறோம்" என்று சொல்லி அவர்களே டிக்கெட்டும் போட்டுவிடுகிறார்கள். அப்புறம்தான் இங்கே கேள்விகள் ஆரம்பிக்கின்றன. பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ ஏறி, மெயின் மாநிலக் கடற்கரை, கனடாவின் செயின்ட் ஜான், ஹாலிஃபாக்ஸ் என்று தொட்டு, சில கப்பல்களில் கியூபெக் வரை போகும் பயணம் இது. ஒரு வாரத்திலிருந்து பத்துப் பதினோரு நாள் வரை ஆகும். மரங்களின் இலை நிறம் மாறும் பருவம் என்பதால் புரட்டாசி, ஐப்பசியில்தான் இந்தப் பாதையில் கூட்டம். கல்யாண வீட்டிலும் ரயிலடியிலும் என்னை நிறுத்திக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அண்ணாச்சி, முதலில் எதைக் கவனிக்க வேண்டும்? துணியா, டாலரா?

விசா. அமெரிக்க விசா கையில் இருந்தாலும், கப்பல் கனடாத் துறைமுகத்தில் நிற்குமானால் இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்குக் கனடா விசா தனியாக வேண்டும். "நாங்கள் இறங்கவே மாட்டோம், அறையிலேயே இருந்துகொள்கிறோம்" என்று சொன்னாலும் நடக்காது. ஏறும் இடத்திலேயே கேட்பார்கள், இல்லையென்றால் ஏற்ற மாட்டார்கள். பிள்ளைகள் அங்கேயே கிரீன் கார்டோ குடியுரிமையோ வாங்கியிருப்பார்கள். அவர்களுக்கு இந்தத் தேவை இல்லாததால் நமக்கும் இல்லை என்று நினைத்துவிடுவதுண்டு. அதனால் நீங்களே நினைவூட்டுங்கள். விண்ணப்பம் ஆன்லைனில். கைரேகை கொடுக்கச் சென்னைக்கு ஒரு நடை போக வேண்டியிருக்கும். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர், வேலையை முடித்துவிட்டு அன்றிரவே திரும்பிவிடலாம். கப்பல் டிக்கெட் போட்ட வாரத்திலேயே இதைத் தொடங்குங்கள். அமெரிக்க விசா பலமுறை நுழையும் வகையாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள், ஏனென்றால் கனடா போய்விட்டுத் திரும்பவும் அமெரிக்காவுக்குள்தான் வரப்போகிறீர்கள்.

எந்த வாரம் போனால் இலை நல்ல நிறமாக இருக்கும்?

வடக்கிலிருந்து தெற்கே நிறம் இறங்கிவரும். கியூபெக் பக்கம் செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். மெயின் கடற்கரையில் அக்டோபர் நடு. பாஸ்டனில் அக்டோபர் கடைசி. ஒரே பயணத்தில் எல்லா ஊரிலும் உச்சத்தைப் பிடிக்க முடியாது. அக்டோபர் முதல் இரண்டு வாரங்களில் போனால் ஏதாவது ஓர் ஊரில் நன்றாக மாட்டும்.

இலை ஏன் சிவக்கிறது என்று பேரன் கேட்டால் சொல்வதற்கு: பகல் குறைந்து இரவு குளிரத் தொடங்கியதும் இலை பச்சையத்தை உண்டாக்குவதை நிறுத்துகிறது. பச்சை மறைந்ததும், முன்பே உள்ளே இருந்த மஞ்சளும் ஆரஞ்சும் வெளியே தெரிகின்றன. மேப்பிளின் சிவப்பு மட்டும் புதிதாக உண்டாவது. இலையில் தேங்கும் சர்க்கரையிலிருந்து மரம் அதைத் தயாரிக்கிறது. வெயிலடிக்கும் பகலும் உறையாத குளிர் இரவும் அமைந்த ஆண்டில் சிவப்பு தூக்கலாக இருக்கும்.

குளிர் தாங்குமா? கொடைக்கானல் ஸ்வெட்டர் போதுமா?

நம்மூரில் ஐப்பசி மழை நாளில் 24 டிகிரி என்றாலே போர்வை தேடுகிறோம். அக்டோபரில் பாஸ்டனில் பகல் 16, 17 டிகிரி, இரவு 9 வாக்கில். ஹாலிஃபாக்ஸ் அதைவிடக் குறைவு. கியூபெக்கில் பகலிலேயே 11, 12தான், இரவில் 3, 4 வரை இறங்கும். எண்ணைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பனிக்கட்டி கொட்டும் குளிர் அல்ல இது. தொல்லை கொடுப்பது காற்று. கப்பல் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது மேல்தளத்தில் நின்றால், காற்றே இல்லாத நாளிலும் அந்த வேகக் காற்று முகத்தில் அடிக்கும். கொடைக்கானல் ஸ்வெட்டரின் கண்ணெல்லாம் காற்று நுழையும்.

ஒரே கனமான கோட்டுக்குப் பதில் மூன்று அடுக்காகப் போடுங்கள். உடம்பை ஒட்டி ஒரு தெர்மல் உள்ளாடை, மேலே ஒரு ஸ்வெட்டர் அல்லது ஃபிளீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத, தலைமூடி வைத்த ஜாக்கெட். கப்பலுக்குள் 22 டிகிரி வைத்திருப்பார்கள். உள்ளே வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம். தெர்மலை மட்டும் இங்கே வாங்கிக்கொண்டு, ஜாக்கெட்டைப் பிள்ளைகள் இருக்கும் ஊரில் வாங்குங்கள். அந்தக் குளிருக்கென்றே தைத்தது அங்கேதான் கிடைக்கும், பெட்டியில் இடமும் மிச்சம். குடை வேண்டாம், ஹாலிஃபாக்ஸ் காற்றில் மடங்கித் திரும்பிக்கொள்ளும். குரங்குக் குல்லா ஒன்று கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள், சிரிக்கட்டும், காது நம்முடையது.

சேலை கட்டிக்கொண்டே சமாளிக்க முடியுமா? சுடிதார் எனக்குப் பழக்கம் இல்லை.

தாராளமாக முடியும் மதினி, கொஞ்சம் ஏற்பாடு வேண்டும். உள்பாவாடைக்குள் தெர்மல் லெக்கிங்ஸ் போட்டுவிட்டால் கால் குளிராது. ரவிக்கைக்குப் பதிலாக முழுக்கைத் தெர்மலையே போட்டு, மேலே சேலை கட்டி, அதற்கு மேல் முழங்கால் வரை வரும் ஜாக்கெட். முந்தானை முழுக்க ஜாக்கெட்டுக்குள் போய்விட வேண்டும், வெளியே தொங்கினால் காற்று இழுக்கும். சேலையைக் கணுக்காலுக்கு மேலே இருக்கும்படி நாலு விரல் தூக்கிக் கட்டுங்கள். கப்பலிலிருந்து இறங்கும் பாலம் இரும்புத் தகடு, குறுக்கே கட்டை வைத்திருக்கும், ஈரமாகவும் இருக்கும். கொசுவம் அதில் சிக்கினால் விழ வேண்டியதுதான். செருப்பு ஆகாது. கம்பளிக் காலுறை போட்டு ஷூ, அதுவும் இங்கேயே ஒரு மாதம் போட்டு நடந்து பழகிய ஷூ. வ.உ.சி. மைதானத்தைச் சுற்றிக் காலையில் நடந்து பாருங்கள். புது ஷூவைக் கப்பலில் பிரிக்காதீர்கள்.

கஞ்சி போட்ட பருத்திச் சேலையை விட்டுவிடுங்கள். அறையில் துவைத்தால் இரண்டு நாள் ஆனாலும் காயாது, இஸ்திரிக்கும் வழியில்லை. கிரேப், ஜார்ஜெட், பாலியஸ்டர் கலந்தது என்றால் ராத்திரி அலசிப்போட்டால் காலையில் உடுத்தலாம். நாலு சேலை தாராளம். யாரும் நேற்று என்ன கட்டினீர்கள் என்று பார்க்கப்போவதில்லை. படகில் ஏறி இறங்கும் நாளுக்கு மட்டும் ஒரு சுடிதாரோ பேண்ட்டோ இருந்தால் நல்லது, அதை நான் வற்புறுத்துவேன்.

ஒரு நாள் எல்லோரும் கோட்டு சூட்டில் சாப்பிட வர வேண்டுமாமே?

பல கப்பல்களில் ஓரிரு இரவு அப்படி வைப்பார்கள். நம் பட்டுச் சேலையும் பட்டுக்கரை வேட்டி சட்டையும் அந்த இரவுக்கு முழுத் தகுதி உள்ள உடை. சூட் தைக்க வேண்டாம். மென்பட்டு ஒன்று போதும், கல்யாணப் பட்டைக் கொண்டுபோய்ச் சுமக்காதீர்கள். நகையும் கழுத்தில் கிடப்பது போதும். அறையில் சின்ன லாக்கர் இருக்கும்.

பெட்டி எத்தனை? பொடி, வற்றல், ஊறுகாய் எல்லாம் உண்டே!

இரண்டு பயணத்தையும் பிரித்து யோசியுங்கள். பிள்ளை வீட்டுக்குப் போவது ஒன்று, கப்பலுக்குப் போவது இன்னொன்று. விமானத்துக்குப் பெரிய பெட்டி இரண்டு கொண்டுபோங்கள். கப்பலுக்கு ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டியும் தோளில் ஒரு பையும் மட்டும், மீதியைப் பிள்ளை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். அறை சின்னது. கட்டிலுக்கு அடியில் பெட்டியைத் தள்ளிவிட்டு மிச்ச இடத்தில்தான் புழங்கணும்.

இட்லிப் பொடி, பருப்புப் பொடி எல்லாவற்றையும் விமானத்தின் சரக்குப் பெட்டியில் போடுங்கள். அமெரிக்கா போகும் விமானத்தில் கைப்பையில் 350 மில்லிக்கு மேல் எந்தப் பொடி இருந்தாலும் தனியாகப் பிரித்துச் சோதிப்பார்கள். திருநீற்றுப் பொட்டலத்துக்கும் அதே கதை. கறிவேப்பிலை, எலுமிச்சை, வாழைப்பழம், விதைகள், கறி சேர்த்த எதுவும் கூடாது. சுங்கத்தில் கேட்டால் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறது என்று நேராகச் சொல்லுங்கள். சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள் அல்லது எடுத்து எறிவார்கள், மறைத்தால் அபராதம். கருவாடு வேண்டாம் என்பது சட்டத்தைச் சொல்லி அல்ல, மற்ற துணிகளின் நலன் கருதி.

அல்வா கொண்டுபோகாமல் நெல்லையிலிருந்து போக முடியாது, தெரியும். அது பிள்ளை வீட்டுக்கு. குளிரில் நெய் உறைந்து அல்வா மேல் வெள்ளையாகப் படரும். கெட்டுவிட்டதென்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சூடான தட்டில் வைத்தால் பழையபடி இளகிவிடும். தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் அங்கே எப்போதும் கட்டிதான். வாய் குறுகிய பாட்டிலில் கொண்டுபோனால் ஊர் திரும்பும்வரை ஒரு சொட்டும் வராது. அகன்ற வாய் டப்பாவில் போடுங்கள்.

கப்பலுக்குள் என்னென்ன கொண்டுபோகக் கூடாது?

சூடாகும் எதுவும், எரியும் எதுவும். இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் கொதிக்க வைக்கும் காயில், மின்சாரக் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர், மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, சூடம். பெட்டியை எக்ஸ்ரே பார்த்து எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாளில் திருப்பித் தருவார்கள். கடலில் தீ என்றால் ஓட இடம் இல்லை, அவர்கள் கண்டிப்பில் நியாயம் இருக்கிறது. விளக்கேற்றாமல் இருக்க முடியாது என்பவர்கள் பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு கொண்டுபோகலாம். வீட்டில் செய்த பலகாரமும் ஏற்ற விட மாட்டார்கள். கடையில் சீல் வைத்த பொட்டலம் என்றால் பரவாயில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மின்னழுத்தத் தடுப்பு இருந்தால் அதையும் பிடித்து வைப்பார்கள். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, சாதாரண அடாப்டர் இரண்டு போதும்.

காந்தக் கொக்கி நாலைந்து கொண்டுபோங்கள். அறைச் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் ஒட்டிக்கொள்ளும். ஈரக் குல்லாவும் ஜாக்கெட்டும் தொங்கவிட வேறு இடம் கிடைக்காது.

புரட்டாசி சைவம், சஷ்டி விரதம் எல்லாம் கப்பலில் நடக்குமா?

நடக்கும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டிக்கெட்டில் இந்திய சைவ உணவு என்று ஒரு மாதத்துக்கு முன்பே பதியச் சொல்லுங்கள். ஏறிய அன்றிரவு சாப்பாட்டு மண்டபத்தின் தலைமைப் பணியாளரைப் பார்த்து முட்டையும் கூடாதா, வெங்காயம் பூண்டும் கூடாதா என்று தெளிவாகச் சொன்னால், மறுநாளிலிருந்து தனியாகச் செய்து கொடுப்பார்கள். பரிமாறுகிறவர்களிலும் சமையல்கட்டிலும் இந்தியர்கள் நிறையப் பேர் உண்டு. சூப்பில் கறிச் சாறு இருக்கும், கேட்டுவிட்டுக் குடியுங்கள். கேக்கில் முட்டை இருக்கும். கரையில் கனடாக்காரர்கள் உருளைக்கிழங்கு வறுவலில் குழம்பு ஊற்றிக் கொடுக்கும் பூட்டீன் பார்வைக்குச் சைவம்தான், அந்தக் குழம்பு பெரும்பாலும் கறிச் சாறு. சஷ்டிக்குப் பாலும் பழமும் காலையிலிருந்து ராத்திரி வரை கிடைக்கும். தயிர் கேட்கும்போது இனிப்பில்லாதது என்று சொல்லுங்கள். இல்லையென்றால் ஸ்ட்ராபெரி போட்டது வரும், அதில் சோறு பிசைந்து சாப்பிடுவது நம்மால் ஆகாது.

ஆனால் பஃபேயில் எடுத்த ஆப்பிளையோ வாழைப்பழத்தையோ பையில் போட்டுக்கொண்டு கரையில் இறங்காதீர்கள். விவசாயப் பூச்சி பயத்தில் மோப்ப நாய் வைத்தே பிடிப்பார்கள்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது... கழிப்பறையில் தண்ணீர் இருக்குமா?

கூச்சம் எதற்கு, எல்லோரும் கேட்பதுதான். காகிதம் மட்டும்தான் இருக்கும். மூடியில் துளை போட்ட பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றோ, மடித்து வைக்கும் சிலிகான் குவளையோ பெட்டியில் போடுங்கள். வாளி கிடையாது, ஷவர் நிற்குமிடம் ஆள் திரும்பும் அளவுதான். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வேலையை அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம், தீபாவளியே வந்தாலும் ஒரு சொட்டு உச்சந்தலையில் வைத்தால் போதும்.

கப்பல் ஆடுமா? எனக்கு மாஞ்சோலை பஸ்ஸிலேயே வாந்தி வரும்.

ஆடும். அட்லாண்டிக் புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் கடைசி வரை. 2022 செப்டம்பரில் ஃபியோனா புயல், ஹாலிஃபாக்ஸ் இருக்கும் நோவா ஸ்கோஷியா மாகாணத்தைப் புரட்டிப் போட்டது. அந்த மாதிரி நேரத்தில் கப்பல் பாதையை மாற்றிக்கொள்ளும், ஒரு துறைமுகத்தையே விட்டுவிடும். அதனால் தனியார் டூருக்கு முன்பணம் கட்டினால் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. வாந்தி மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கி, ஆடத் தொடங்குமுன் போட வேண்டும். இஞ்சி முரப்பா வாயில் கிடக்கட்டும். வயிறு காலியாக இருக்கக் கூடாது. கட்டிலில் படுத்துக்கொண்டு போன் பார்ப்பதைவிட வெளியே போய்த் தொடுவானத்தைப் பார்ப்பது நல்லது.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை?

பயண நாள்களுக்கு மேல் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக, பட்டையோடு, மருத்துவர் சீட்டோடு, தோள் பையில். பெட்டியில் போடாதீர்கள். கப்பலேறும்போது பெரிய பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அறை வாசலுக்கு வந்து சேரச் சாயங்காலம்கூட ஆகலாம். பெயர் ஒட்டாத நாட்டு மருந்துப் பொடி வேண்டாம், என்னவென்று அவர்களுக்கு விளக்க முடியாது. பயணக் காப்பீடு ஊரிலேயே எடுத்துவிடுங்கள், கப்பல் பயணத்துக்கும் பொருந்துமா என்று எழுத்தில் பார்த்து.

ஊர் பார்க்கக் கப்பல்காரர் டூரிலேயே போகணுமா, நாமே இறங்கிச் சுற்றலாமா?

ஒரு துறைமுகத்தில் ஆறு முதல் எட்டு மணி நேரம் நிற்கும். அதில் இறங்க அரை மணி, திரும்ப ஒரு மணி கழியுங்கள். இதில் ஐந்து இடம் பார்ப்பேன் என்று கிளம்புகிறவர்கள் ஐந்து கழிப்பறையைத்தான் பார்க்கிறார்கள். ஓர் ஊருக்கு ஓரிடம். அதை நின்று பாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காபி குடியுங்கள், திரும்பிவிடுங்கள்.

இடம் நடக்கும் தூரத்தில் இருந்தால் நாமே போவது மேல். தூரமாக, காரில் ஒரு மணி நேரம் என்றால் கப்பல்காரர் டூரை எடுங்கள், விலை கூடுதல்தான். காரணம் ஒன்று: அவர்கள் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நம் வாடகைக் கார் தாமதமானால் காத்திருக்காது. துறைமுகத்தில் நாம் நிற்க, கப்பல் போய்க்கொண்டிருக்கும். அடுத்த ஊருக்கு நம் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான்.

பாஸ்டனில் என்ன பார்க்கலாம்?

கப்பல் புறப்படும் ஊர் இதுவென்றால் ஒரு நாள் முன்பே வந்துவிடுங்கள். விமானம் தாமதமானாலும் பதற்றம் இல்லை, ஊரையும் பார்க்கலாம். இங்கே ஒரே ஒரு வேலை: தரையில் செங்கல்லாலும் பெயிண்டாலும் போட்ட சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடப்பது. சுதந்திரப் பாதை என்று பெயர், சுமார் 4 கிலோமீட்டர், வழியில் 16 இடங்கள். வழி கேட்க வேண்டியதே இல்லை. 1634இல் உருவான பாஸ்டன் காமன் பூங்காவில் தொடங்கி, 1797இல் நீரில் இறக்கிய கான்ஸ்டிடியூஷன் என்ற மரப் போர்க்கப்பலைத் தொட்டு, பங்கர் ஹில் தூணில் முடிகிறது. தூணில் 294 படி. முட்டி நல்லவர்கள் ஏறலாம், மற்றவர்கள் கீழே பெஞ்சில். நடுவில் குவின்சி மார்க்கெட்டில் சாப்பாடும் கழிப்பறையும் உண்டு. பாதி வழியில் முடித்துக்கொண்டாலும் குறை இல்லை.

இந்த ஊர்த் துறைமுகத்தில்தான் 1773 டிசம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். அதே கம்பெனிதான் 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது. அக்டோபரில் அங்கே நிற்கும் நெல்லைக்காரனுக்கு வழிகாட்டி சொல்லாத கதை ஒன்று கூடுதலாகத் தெரியும்.

மெயின் மாநிலத்துப் பார் ஹார்பரில் படகில் இறங்க வேண்டுமாமே?

ஆமாம். பெரிய கப்பல் கரைக்கு வர ஆழம் இல்லாததால் நடுக்கடலில் நிறுத்திச் சின்னப் படகில் கொண்டுபோவார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஆள் கையைப் பிடித்துவிடுவார். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், பை தோளில் இருக்கட்டும். இலை பார்ப்பதற்கு இதுதான் சிறந்த ஊர், அகாடியா தேசியப் பூங்கா ஒட்டியே இருக்கிறது. 466 மீட்டர் உயரக் கேடிலாக் மலை உச்சிவரை வண்டி போகும். சொந்தக் காரில் ஏற முன்பதிவு வேண்டும் என்பதால் டூர் பஸ்ஸில் போவது எளிது. மலை வேண்டாம் என்பவர்களுக்கு: கடல் வற்றும் நேரத்தில் ஊரிலிருந்து எதிரே உள்ள சின்னத் தீவுவரை சரளைக்கல் பாதை ஒன்று வெளியே வரும், நடந்தே போகலாம். வற்றுவதற்கு முன்னும் பின்னும் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். நேரம் தப்பினால் தீவிலேயே உட்கார்ந்து அடுத்த வற்றலுக்குக் காத்திருக்க வேண்டும், கப்பல் போய்விடும்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கே சிங்கி இறாலை விடாதீர்கள். நம் தூத்துக்குடி, குமரிக் கடலில் கிடைக்கும் சிங்கிக்குப் பெரிய கொடுக்கு கிடையாது. மெயின் சிங்கிக்கு இரண்டு பெரிய கொடுக்கு, சதை அதில்தான் இனிப்பு. கப்பலிலிருந்து இறங்கும் கூட்டத்துக்கு ஊர்க்காரர்கள் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டார்கள், அதனால் உங்கள் பயண நிரலில் இந்த ஊர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயின்ட் ஜானில் ஆறு பின்னோக்கி ஓடுகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஃபண்டி விரிகுடாவின் கடலேற்றம் உலகிலேயே உயரமானது. இந்த ஊரில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் 8 மீட்டர் வித்தியாசம் வரும். தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் ஒரு மீட்டர்கூட இருக்காது. கடல் வற்றியிருக்கும்போது செயின்ட் ஜான் ஆறு பாறை இடுக்கு வழியாகக் கடலுக்குள் பாய்கிறது. கடல் ஏறியதும் அதன் மட்டம் ஆற்றைவிட உயர்ந்து, தண்ணீர் அதே இடுக்கு வழியாக மேலே ஏறுகிறது. நடுவில் சில நிமிடம் எந்தப் பக்கமும் ஓடாமல் சும்மா நிற்கும். இதை ஒருமுறை மட்டும் போய்ப் பார்த்தால் "ஆறு ஓடுகிறது, அவ்வளவுதானே" என்று தோன்றும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என இரண்டு தடவை போனால்தான் விஷயம் பிடிபடும். அன்றைய நேரப் பட்டியல் துறைமுகத்திலேயே கிடைக்கும். இடைப்பட்ட நேரத்துக்கு 1876இல் திறந்த நகரச் சந்தை. அங்கே டல்ஸ் என்று கருஞ்சிவப்பாகக் காய்ந்த கடற்பாசியை விற்பார்கள். உப்பும் கடலுமாக இருக்கும், ஒரு துணுக்கு வாங்கிச் சுவைத்துப் பார்த்துவிட்டு முழுப் பொட்டலம் வாங்குங்கள்.

கப்பலும் தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்குவதால், காலையில் இறங்கிய தளமும் மாலையில் ஏறும் தளமும் வேறாக இருக்கலாம். பயப்பட வேண்டாம், அதே கப்பல்தான்.

ஹாலிஃபாக்ஸில்?

முட்டி வலிக்காரர்களுக்கு நல்ல ஊர். கப்பல் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பியர் 21 குடியேற்ற அருங்காட்சியகம். 1928 முதல் 1971 வரை கிட்டத்தட்ட 10 லட்சம் பேர் கனடாவுக்குள் நுழைந்த வாசல் அது. அங்கிருந்து கடலோரமாகவே மர நடைபாதை, நீங்கள் எவ்வளவு தூரம் நடந்தாலும் சமதளம். நடக்க முடிந்தவர்கள் மேலே சிட்டடெல் கோட்டைக்கு ஏறிப் பகல் 12 மணிக்கு வெடிக்கும் பீரங்கியைக் கேட்கலாம்.

டைட்டானிக்கில் இறந்தவர்களில் 150 பேரை இந்த ஊரில் அடக்கம் செய்தார்கள், ஃபேர்வியூ லான் கல்லறையில் மட்டும் 121. பல கற்களில் பெயரே இல்லை, ஓர் எண்ணும் 1912 ஏப்ரல் 15 என்ற தேதியும் மட்டும். பெக்கிஸ் கோவ் கலங்கரை விளக்கம் 40 கிலோமீட்டருக்கு மேல். அது படத்தில் பார்ப்பதைவிட நேரில் அழகு. வெள்ளைப் பாறையில் நில்லுங்கள். ஈரமான கருப்புப் பாறைக்கு ஒருநாளும் இறங்காதீர்கள், சொல்லாமல் வரும் அலை ஆளை இழுத்துப் போயிருக்கிறது.

கியூபெக் மேடு பள்ளமாமே?

கீழூர், மேலூர் என்று இரண்டு அடுக்கு. 1608இல் தொடங்கிய ஊர், பழைய நகரம் 1985இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். கப்பல் கீழூர் அருகே நிற்கும். மேலே போகச் செங்குத்தான படிக்கட்டு உண்டு, அதன் பெயரே கழுத்தொடிக்கும் படி. நீங்கள் பக்கத்திலேயே 1879 முதல் ஓடும் கம்பிவட இழுவைப் பெட்டியில் ஏறிவிடுங்கள். மேலே ஃப்ரோன்தெனாக் கோட்டை ஹோட்டலுக்கு முன்னால் மரப்பலகை மேடை, கீழே செயின்ட் லாரன்ஸ் ஆறு. இங்கே பிரெஞ்சு பேசுவார்கள், "போன்ஜூர்" சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டால் முகம் மலரும். அக்டோபர் நடுவில் மாலை 6 மணிக்கே இருட்டிவிடும், அதனால் காலையிலேயே கிளம்புங்கள். ஊருக்கு வெளியே மோன்மோரன்சி அருவி 83 மீட்டர், நயாகராவைவிட உயரம். குற்றாலத்துக்காரர்களுக்கு ஒரே குறை, பார்க்கத்தான் முடியும், தலையைக் கொடுக்க முடியாது.

போனும் கடிகாரமும்?

கப்பல் கிளம்பியதும் போனை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். கடலில் தானாகப் பிடிக்கும் கப்பல் அலைவரிசைக்கு பில் எகிறும். செயின்ட் ஜானும் ஹாலிஃபாக்ஸும் பாஸ்டனைவிட ஒரு மணி நேரம் முன்னே. கியூபெக் பாஸ்டன் நேரம்தான். போன் ஒரு நேரம் காட்டும், கப்பல் இன்னொரு நேரத்தில் ஓடலாம். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொண்டு கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஆச்சியோடு பேச: பாஸ்டனில் காலை 9 என்றால் இங்கே சாயங்காலம் ஆறரை.

செலவுக்கு எவ்வளவு?

சாப்பாடு, சாதாரண டீ காபி, தண்ணீர் டிக்கெட்டிலேயே அடங்கும். குளிர்பானம், தனி உணவகம், இணையம் தனிக் காசு. டிப்ஸ் என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை கணக்கில் தானாக ஏறும், கடைசி நாளில் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். கனடாவில் அமெரிக்க டாலரைப் பல கடைகளில் வாங்குவார்கள், மீதியைக் கனடா டாலரில் தருவார்கள். கார்டு தேய்ப்பது நல்லது. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கியில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஐப்பசி கார்த்திகையில் வீட்டைப் பூட்டிப்போட்டுப் போகலாமா?

மழைக்காலம் அதுதான், யோசித்துத்தான் போக வேண்டும். மொட்டை மாடித் தண்ணீர் போகும் குழாயில் வேப்பிலைச் சருகை அள்ளிவிட்டுப் போங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பத்திரம், பாஸ்புக் எல்லாம் பரணுக்கு. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரத் தெருக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு சாவி பக்கத்து வீட்டில்.

இறங்கும் நாளில் என்ன நடக்கும்?

முதல் நாள் இரவே பெரிய பெட்டியில் அட்டை கட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள், ராத்திரியோடு எடுத்துப் போய்விடுவார்கள். மறுநாள் உடுத்தும் துணி, ஷூ, பல்செட்டு, மாத்திரை, பாஸ்போர்ட் இவை எதுவும் அந்தப் பெட்டிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துணி முழுவதையும் கட்டி வெளியே வைத்துவிட்டுக் காலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நிற்கும் ஆள் எல்லாக் கப்பலிலும் ஒருவராவது உண்டு. பெட்டியை நாமே உருட்டிக்கொண்டு இறங்குவதானால் முதல் கூட்டத்தோடு போகலாம். படி ஏற்ற இறக்கம் உங்கள் பொறுப்பு. கீழே கொட்டகையில் பெட்டியை அடையாளம் கண்டு எடுக்க வேண்டும். எல்லாமே கருப்புப் பெட்டியாக இருக்கும், கைப்பிடியில் பழைய சேலைக் கரை ஒரு துண்டு கட்டிவிடுங்கள். அப்புறம் குடியேற்ற அதிகாரியும் சுங்கமும். கியூபெக்கில் வாங்கிய மேப்பிள் பாகு 100 மில்லிக்கு மேல் இருந்தால் திரும்பும் விமானத்தில் கைப்பையில் விட மாட்டார்கள், துணிக்கு நடுவே சுற்றிச் சரக்குப் பெட்டியில் வையுங்கள்.